விரலுக்கு முந்திய சொல்

இசக்கியம்மாள் அன்று காலை சுட்டது பயிற்சி மையத்தின் சமையற்காரரை.

சாயக் குண்டுதான். அவருடைய வெள்ளை பனியனில் நெஞ்சுக்கு நேரே நீலமாகத் தெறித்திருந்தது. ஒத்திகைக்கு ஆள் குறைந்ததால் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். அவர் கையில் இருந்தது குழம்புக் கரண்டி. பலகையால் கட்டிய போலி வீட்டின் கதவை உதைத்துத் திறந்தபோது அவளுக்குத் தெரிந்தது ஒரு கை, அதில் ஏதோ ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். "அம்மா, நான்தாம்மா!" என்று அவர் கத்தியது வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை.

"சோறு வடிச்சு முடிச்சுட்டுதான் செத்தேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டராகி மூன்றாவது வருடம். தூத்துக்குடிக் கரையோரத்துக்கென்று புதிதாக அமைத்த ஆயுதப் படைப்பிரிவுக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாளைக்குக் கையில் நிஜத் துப்பாக்கி இருக்கும், எதிரே நிற்பவர் கையில் கரண்டி இருக்கும் என்ற நினைப்பில் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமலே எழுந்துவிட்டாள்.

சாயங்காலம் டாக்டர் நிலோஃபர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மூளை விஞ்ஞானி. சொந்த ஊர் காயல்பட்டினம். ஐந்து வருட ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பயிற்சி மையத்துக்கே குடிவந்துவிட்டவர்.

"பயம் வந்தா உடம்பு எல்லாக் கதவையும் சாத்திரும்மா. கண்ணு ஒரே இடத்துல குத்திட்டு நிக்கும். காது அடைச்சுக்கும். மூளைக்கு நிதானமாப் பார்க்க நேரம் இல்ல, அதனால கிடைச்சதை வச்சு ஊகிக்கும். கரண்டியைத் துப்பாக்கின்னு ஊகிச்சது அதுதான்."

"அப்பம் அதுக்குக் கொஞ்சம் நேரம் குடுத்தா?"

"அதைத்தான் இது குடுக்குது" என்று டாக்டர் உள்ளங்கையை விரித்தார். மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கருவி. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது. கணத்தை விரிப்பது என்ற பொருளில் அதன் அரசாங்கப் பெயர் 'கணவிரி'. விழித்துக்கொள்ளும்போது ரீங்காரமிடுவதால் பயிற்சியில் இருந்தவர்கள் வைத்த பெயர் 'கொசு'.

"நெஞ்சு திடீர்னு எகிறினா இது முழிச்சுக்கும். மூளை வேகம் கூடிரும். ஒரு நொடி உங்களுக்கு அரை நிமிஷம் மாதிரி இருக்கும்."

"கை காலும் வேகமாயிருமா, டாக்டர்?"

"ஆகாது. இதுல உள்ள கஷ்டமே அதுதான். பார்க்கலாம், கேட்கலாம், யோசிக்கலாம். உடம்பு மட்டும் அதோட வேகத்துலதான் வரும்."

மறுநாள் அதே போலி வீடு, அதே கதவு. உதைத்தாள். காதுக்குப் பின்னால் ரீங்காரம் கேட்டது, உலகம் பாகு போல இறுகியது. கதவு தன் கீலில் மெல்ல மெல்லத் திரும்பிற்று. அறையின் மூலையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் செய்தித்தாள், அதற்கப்பால் வாயைத் திறக்கத் தொடங்கிய சமையற்காரர். கரண்டியிலிருந்து கிளம்பிய ஒரு சொட்டுச் சாம்பார் காற்றில் நின்று நின்று விழுந்தது. அவருடைய கண்ணில் இருந்த குறும்புகூடத் தெரிந்தது. துப்பாக்கியை இறக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்து வெகுநேரம் கழித்தே கை இறங்கியது, தண்ணீருக்குள் அசைவது போல.

வெளியே வந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

*

அந்தக் குழுவிலேயே கெட்டிக்காரன் சண்முகக்கனி. இசக்கியோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன். உடன்குடிக்காரன். குறி தப்பாது, கை நடுங்காது. கணவிரியோடு முதலில் வெளியே அனுப்பப்பட்டவனும் அவன்தான்.

ஒரு முற்பகல் நேரம், நகரத்துக்குள் இருந்த அடகுக்கடைக்குள் நாட்டுத் துப்பாக்கியோடு ஒருத்தன் நுழைந்துவிட்டான். பெயர் சுடலைமணி, வயது இருபத்திரண்டு. கடைக்காரரை மண்டியிட வைத்திருந்தான். கனி உள்ளே போனதும் துப்பாக்கி கனியின் பக்கம் திரும்பியது. கனி ஒரே ஒரு தடவை சுட்டான். குண்டு வலது தோளைத் துளைத்தது. கடைக்காரருக்குக் கீறல்கூட இல்லை. சுடலைமணி உயிர் பிழைத்தான், ஆனால் வலது கை இனித் தோளுக்கு மேலே எழாது என்றார்கள். டி.ஐ.ஜி. ஆதிநாராயணன் சென்னையிலிருந்து போனில் கனியைப் பாராட்டினார். பத்திரிகைகள் எழுதின.

கனி வேலைக்கு வரவில்லை. மருத்துவ விடுப்பு என்றார்கள். பிறகு அதை நீட்டித்தான்.

இசக்கி உடன்குடிக்குப் போனபோது அவன் வீட்டுக்குப் பின்னால் கருப்பட்டி மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"என்ன கனி இது? எல்லாரும் உன்னையக் கொண்டாடுதாங்க. நீ இங்கன வந்து ஒளிஞ்சு கெடக்கே."

அவன் அவளுக்கு உட்கார ஒரு மோடாவை நகர்த்திப் போட்டான்.

"ரிப்போர்ட்ல ஒரு நொடின்னு எழுதியிருக்கு இசக்கி. நான் அங்க அரை நிமிஷம் நின்னேன். அவன் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவன் துப்பாக்கிய இறக்க ஆரம்பிச்சுட்டான்."

"என்ன சொல்லுதே?"

"என் பக்கம் திருப்புனான். நான் சுடணும்னு முடிவு பண்ணிட்டேன், வெரல் கெளம்பிருச்சு. அதுக்குப் பொறவு அவன் கண்ணு மாறுச்சு. வேண்டாம்னு நெனச்சான் பாரு, அது எனக்கு அப்படியே தெரிஞ்சுது. துப்பாக்கி கீழ வர ஆரம்பிச்சுது. நிறுத்து நிறுத்துன்னு என் வெரலுட்ட கத்துதேன். அது கேக்கல. அதுபாட்டுக்குப் போகுது. அவ்வளவு நேரமும் அதையும் பாத்துக்கிட்டு, அவனையும் பாத்துக்கிட்டு நிக்கேன்."

"கேமராவுல இல்லையா?"

"நெஞ்சுல மாட்டுன கேமராவ என் ரெண்டு கையும் மறைச்சிருச்சு. கடைக் கேமராவுல என் முதுகுதான் தெரியுது. கடைக்காரர் தலையக் குனிஞ்சிருந்தாரு. பாத்தவன் நான் ஒருத்தன்தான்."

அவன் இதை மறைக்கவில்லை. அறிக்கை எழுதுவதற்கு முன்பே டி.ஐ.ஜி.யிடம் சொல்லியிருக்கிறான். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கனி, கணவிரி இல்லாம இருந்தா இது உனக்கே தெரிஞ்சிருக்காது. சட்டப்படி உன்மேல ஒரு தப்பும் இல்ல. அறிக்கையில இது வேண்டாம்" என்றிருக்கிறார்.

"அவன் மேல இப்போ கொலை முயற்சி கேஸ் போட்டிருக்காங்க" என்றான் கனி. "திருட வந்ததுக்கு உள்ள போகட்டும், அது வேற. என்னையக் கொல்லப் பாத்தான்னு சொல்லுதாங்களே, அது பொய். அது பொய்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்."

கருப்பட்டிக் காப்பி வந்தது. இசக்கி ஒரு தம்ளரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

*

அடுத்த வாரம் டி.ஐ.ஜி. நேரில் வந்து டாக்டர் நிலோஃபரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். சாத்திய கதவுக்கு வெளியே நின்ற இசக்கிக்கும் கேட்டது.

"விசையை அழுத்த ஆரம்பிச்ச உடனே கருவி அணைஞ்சிடணும் டாக்டர். அதுக்கப்புறம் நடக்கிறதை அவங்க பார்க்கத் தேவையில்ல. என் ஆளுங்க உயிரோட வீட்டுக்குத் திரும்பணும். திரும்பினா தூங்கவும் செய்யணும்."

"செஞ்சு தரலாம் சார், கஷ்டமே இல்ல. ஆனா அப்போ சுடுறது லேசாயிடும். பார்த்துச் சுடுறதுக்காகத்தான் இதைச் செஞ்சேன். பார்க்காம சுடத்தான் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியுமே."

"நீங்க கனியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றார் டாக்டர்.

மாற்றியமைத்த கருவிகள் வர இரண்டு மாதம் ஆகும் என்று முடிவாயிற்று. அதுவரை பழையதுதான்.

இசக்கி அடுத்த விடுமுறையில் மறுபடியும் உடன்குடிக்குப் பஸ் ஏறினாள். இந்தத் தடவை அவளிடம் ஒரு கேள்வி இருந்தது.

"கனி, உன் வெரலு ஏன் மொதல்ல கெளம்புச்சு?"

"ஏன்னா? பழக்கம்தான். கதவத் தொறந்தா துப்பாக்கி, துப்பாக்கியப் பாத்தா வெரலு. ஆயிரம் தடவ செஞ்சதுல்லா."

"ஆமா. பயந்த நேரத்துல உடம்பு புதுசா ஒண்ணும் செய்யாது. பழகுனதத்தான் செய்யும். கொசு நமக்கு நேரம் குடுக்குது, சரி. ஆனா மூளை முழிச்சுப் பாக்கதுக்குள்ள உடம்பு பழைய பாதையில கெளம்பிப் போயிருது. அப்பம் பாதைய மாத்துனா என்ன? வெரலுக்குப் பதிலா வேற எதாவது மொதல்ல கெளம்புற மாதிரி?"

கனி நிமிர்ந்து பார்த்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு போலீஸ்காரன் தெரிந்தான்.

"வாயி" என்றான்.

அன்றைக்கே தொடங்கினார்கள். கிட்டங்கிக் கதவுதான் ஒத்திகைக் கதவு. கனி உள்ளே எங்கேயாவது மறைந்து நின்று, அவள் நுழைந்ததும் மண்வெட்டிப் பிடியையோ வாழைத் தாரையோ தூக்கிக்கொண்டு பாய்வான். அவள் முதலில் வாயைத் திறக்க வேண்டும். ஆனால் எதைச் சொல்வது என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்தது. "கீழே போடு" என்றால் எதிராளிக்கு ரோஷம் வருகிறது என்றான் கனி. "நில்லு" என்றால் அவன் ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறான் என்றாள் இசக்கி. "போலீஸ்" என்று கத்திப் பார்த்தாள். கனிக்கே உடம்பு விறைத்தது.

ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவள், ஸ்டேஷனுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கதோஷத்தில், "உக்காருங்க" என்று சொல்லிவிட்டாள். கனி கையில் வாழைத் தாரோடு, தன்னை அறியாமல் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு நின்றது. "இதையே வச்சுக்கோ" என்றான் கனி.

விடுமுறை தோறும் போனாள். பயிற்சி மையத்தில் எல்லோரும் விரலைப் பழக்கினார்கள். கிட்டங்கியில் அவள் நாக்கைப் பழக்கினாள்.

*

புயல் ஓய்ந்திருந்த வாரம். கடலுக்குப் போன படகு ஒன்று திரும்பவில்லை. நாலு பேர். தேடப் போன ஆளில்லா விமானங்களைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். அந்தப் படகில் போனவர்களில் ஒருவன் லூர்துசாமியின் மகன். லூர்துசாமி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வங்கிக் காவலாளியாக இருந்தவர். அன்று மத்தியானம் தன் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியோடு கடல் மீட்பு அலுவலகத்துக்குள் நுழைந்து, அதிகாரியின் அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

செய்தி வந்தபோது அருகில் இருந்தது இசக்கியின் வண்டிதான். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார்கள். பதில் இல்லை. உள்ளேயிருந்து அதிகாரியின் அலறல் கேட்டதும் இனிக் காத்திருக்க முடியாது என்று கதவை உடைக்க உத்தரவு வந்தது.

கதவு உடைந்தது. துப்பாக்கிக் குழல் அவள் பக்கம் திரும்பியது. காதுக்குப் பின்னால் கொசு ரீங்கரித்தது.

எல்லாம் நின்றது போலாயிற்று. மின்விசிறியின் ஓசை ஒரு நீண்ட முனகலாக இழுபட்டது. குழலின் இரண்டு வட்டங்களும் அவளைப் பார்த்தன. ஒத்திகையில் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. சாவு பயம். கணவிரி பயத்தைக் குறைப்பதில்லை, நீட்டி வைக்கிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். ஓடிப்போகலாம் என்று நினைத்தாள். சுட்டுவிடலாம் என்றும் நினைத்தாள். இரண்டையும் முழுசாக நினைத்து முடிக்க நேரம் இருந்தது.

ஆனால் அவளுடைய வாய் ஏற்கெனவே கிளம்பியிருந்தது.

உதடு குவிவதை அவளே உணர்ந்தாள். "உ..." என்ற ஒலி நெஞ்சிலிருந்து புறப்பட்டு வந்தது, கிணற்றிலிருந்து வாளி ஏறுவது போல. அது ஏறிக்கொண்டிருந்தபோது சுற்றிலும் பார்த்தாள். லூர்துசாமியின் விரல் விசைமேல் இல்லை. வெளியே, விசையைச் சுற்றிய இரும்பு வளையத்தின் ஓரமாகக் கிடந்தது. பட்டாளத்து ஆள், அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. சிவந்த கண்ணில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம். அவருக்குப் பின்னால் அதிகாரியின் தோள் உயர்ந்துகொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கை துப்பாக்கியைப் பிடிக்க நீள்கிறது. அதைப் பிடித்து இழுத்தால் விரல் உள்ளே போய்விடும். குண்டு யார்மேலும் பாயலாம்.

ஆபத்து எதிரே நிற்பவரிடம் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டபோது சொல் முடிந்தது.

"...க்காருங்க!"

அதிகாரி உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருட உத்தியோகத்தில் மேலதிகாரிகள் சொல்லி உட்கார்ந்த உடம்பு அது. நீண்ட கை மேஜைமேல் விழுந்தது.

லூர்துசாமி உட்காரவில்லை. ஆனால் குழல் அசையாமல் நின்றது. அவர் முகம் விநோதமாகக் கோணியது. கொசு அடங்கி, உலகம் பழைய வேகத்துக்கு வந்தது.

"என்ன சொன்னே?" என்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் இசக்கி. தன் துப்பாக்கியை உறையில் செருகினாள். மூலையில் கிடந்த நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "நின்னுக்கிட்டே எம்புட்டு நேரம் பேசுவீங்க? உக்காந்து சொல்லுங்க. மகன் பேரு என்ன?"

"மூணு நாளா இந்த ஆபீசுக்கு வாரேன், தங்கச்சி" என்றார் அவர். குரல் உடைந்தது. "நாளைக்கு வா, நாளைக்கு வாம்பான். ஒருத்தனும் உக்காருன்னு சொல்லல."

அவர் உட்கார்ந்தார். துப்பாக்கி மடிமேல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதைத் தானே தரையில் வைத்தார். மகன் பெயர் ரீகன் என்றார்.

அவரைக் கைது செய்துதான் கூட்டிப்போனார்கள். ஆனால் அன்று மாலையே தேடல் மறுபடி தொடங்கியது. படகு கவிழ்ந்த நிலையில் அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கிடந்த இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள். ரீகன் அவர்களில் இல்லை. பிழைத்தவர்களில் ஒருவனுடைய மனைவி சிறைக்குப் போய் லூர்துசாமியின் காலில் விழுந்தாளாம்.

*

டி.ஐ.ஜி. அவளைப் பாராட்டக் கூப்பிட்டார்.

"என்ன பயிற்சிம்மா இது? நம்ம பாடத்துல இல்லையே."

"கனி சொல்லிக்குடுத்தது, சார்."

"கனியா? அவன் விடுப்புலல்ல இருக்கான்?"

"அவன் பாத்ததுனாலதான் எனக்கு இது கெடச்சுது. விசைய அழுத்த ஆரம்பிச்சதும் கருவி அணைஞ்சிருந்தா, வெரலு முந்திப் போச்சுன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது. நானும் அன்னிக்கு லூர்துசாமியச் சுட்டிருப்பேன், சார். சுட்டுட்டு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

ஆதிநாராயணன் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "சுடலைமணி வழக்குல சாட்சிக் கூண்டுல ஏறி அவன் அதைச் சொன்னா, இனிமே நம்ம ஆள் எவனும் 'நான் கவனிக்கல'ன்னு சொல்ல முடியாது. அது புரியுதா உனக்கு?"

"புரியுது சார்."

அவர் கனியைத் தடுக்கவில்லை.

வழக்கு நாளன்று கனி தாடியை மழித்து, சீருடை போட்டுக்கொண்டு வந்தான். இசக்கி நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் நிலோஃபரும் வந்திருந்தார். கூண்டில் ஏறிய கனி நடந்ததை நடந்தபடி சொன்னான். சுடலைமணி துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பியது உண்மை, பிறகு அதை இறக்கத் தொடங்கியதும் உண்மை, தன் விரலைத் தன்னால் நிறுத்த முடியாமல் போனதும் உண்மை. அரசு வழக்கறிஞர் பதறிப்போய் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். டாக்டரைக் கூப்பிட்டுக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். எல்லாம் முடிந்து கனி இறங்கியபோது அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொலை முயற்சிக் குற்றச்சாட்டு நிற்காது என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கொள்ளை வழக்கு மட்டும்தான் மிச்சம்.

வெளியே தாழ்வாரத்தில், வண்டிக்காகக் காவலர்கள் சுடலைமணியை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. கனி அவனைக் கடந்து போக முடியாமல் நின்றுவிட்டான். சுடலைமணி திட்டுவான் என்று இசக்கி எதிர்பார்த்தாள், காறித் துப்பினாலும் ஆச்சரியமில்லை.

சுடலைமணி வெறுமனே நிமிர்ந்து பார்த்தான்.

"சார், நெசமாவா சொன்னீங்க? என்னையக் காப்பாத்துறதுக்காகச் சொன்னீங்களா?"

"நெசந்தான். பாத்ததத்தான் சொன்னேன்."

"எனக்கு அது தெரியாது சார்." அவன் வார்த்தைகளைத் தேடினான். "கண்ணெல்லாம் ஒரே இருட்டா இருந்துச்சு. ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீங்க சுடலைன்னா நான் சுட்டிருப்பேன், ஒரு ஆளக் கொன்னுருப்பேன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். எங்க அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

கனி அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். காவலர் நகர்ந்து இடம் விட்டார்.

"எவ்வளவு சார் எறக்குனேன்?" என்று கேட்டான் சுடலைமணி.

கனி வலது கையை நீட்டினான். ஆட்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே ஒரு நெல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் காட்டினான்.

"இவ்வளவுதான்" என்றான்.

சுடலைமணி குனிந்து அந்த இடைவெளியை வெகுநேரம் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"போதும் சார்" என்றான்.